கிளிக்குச் சொல்லித்தந்த பெயர்: சிறுவர் நூல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

உங்கள் சிறுவர் உலக இலக்கிய வரிசையில் வந்துள்ள, கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒருவனின் கதையான ‘ராபின்சன் குரூசோ’வின் தமிழ்ச் சுருக்கம் பற்றி உங்களுக்கு இருமுறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு நான்கு வரியில் ஒரு பதில் வந்தது. அடிமை வணிகம் முதலிய, பிள்ளைகளின் மனத்தைப் பாதிக்கக்கூடிய பகுதிகள் கவனமாக நீக்கப்பட்டுவிட்டன என்றும், ஆகவே நூலில் ஆட்சேபிக்க ஏதுமில்லை என்றும், மறுபதிப்பு அதே வடிவில் அச்சுக்குப் போகிறது என்றும் அதில் கண்டிருந்தது. நான் முறையிட்டதே அந்த நீக்கத்தைப் பற்றித்தான். கடிதத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று புரிந்துகொண்டு, இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பதிப்பகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் பேச்சு உங்களைச் சுற்றியே போகும். எனக்கு நூல்தான் முக்கியம்.

இந்த நாவலைத் தடை செய்யச் சொல்லியோ, நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லியோ நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 12 வயதில் இதன் ஒரு சுருக்கத்தைத் துணைப்பாட நூலாகப் படித்தவள் நான். உதறிக் கொட்டிய தவிட்டிலிருந்து பார்லி முளைத்து நிற்பதைக் கண்டு குரூசோ கண்கலங்கும் இடமும், களிமண் சட்டிகள் ஒவ்வொன்றாக வெயிலில் வெடித்துப் போய்க் கடைசியில் ஒன்று நெருப்பில் வெந்து தண்ணீர் தாங்கும் பாத்திரமாகத் தேறும் இடமும் இன்றும் எனக்கு மனப்பாடம். தனியாகக் கிடக்கும் ஒருவன் ஒரு சட்டிக்காகப் பட்ட பாட்டை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன கதை அதற்கு முன் என் கையில் கிடைத்ததில்லை. 1719 ஏப்ரல் 25 அன்று லண்டனில் இதை வெளியிட்ட டேனியல் டீஃபோவுக்கு அப்போது ஏறத்தாழ 60 வயது. 1762இல் தத்துவஞானி ரூசோ தம் கல்வி நூலில், மாணவனின் கையில் முதலில் கொடுக்க வேண்டிய புத்தகம் இதுதான் என்று எழுதினார். அதன் பிறகு இது சிறுவர் நூல் அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. நன்றாக எழுதப்பட்ட கதை என்பதால்தான் அதற்குள் இருப்பது ஆழமாகப் பதிகிறது. சுமாரான கதையாக இருந்தால் நான் ஒரு அஞ்சல் தலையைக்கூட இதற்குச் செலவிட்டிருக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். உங்கள் நூலின் 2 படிகள் எங்கள் நூலகத்துக்கு வந்தபோது மகிழ்ச்சியோடுதான் கையில் எடுத்தேன். ஐந்து சனிக்கிழமைகள் வாசித்தோம். குரூசோவிடம் பின்னால் வந்து சேரும் இளைஞனை உங்கள் நூல் ‘வெள்ளி’ என்கிறது. நான்காம் சனிக்கிழமை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி கை தூக்கிக் கேட்டாள்: “டீச்சர், கிளிக்குக்கூட அவரு பேரு தெரியுது. வெள்ளிக்கு ஏன் தெரியல?”

ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கதையை அறிந்த எனக்கு அது தோன்றியதே இல்லை. தீவைப் படகில் சுற்றிவர முயன்று, நீரோட்டத்தில் சிக்கி, களைத்துத் திரும்பிய குரூசோ தன் குடிலில் தூங்கிக் கிடக்கையில் ஒரு குரல் அவன் பெயரைச் சொல்லி, பாவம், எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறது. திடுக்கிட்டு எழுந்து பார்த்தால், அவன் பேசக் கற்றுக்கொடுத்த கிளி. உங்கள் பதிப்பில் அந்தப் பகுதி முழுதாக, அழகாகவே வந்திருக்கிறது. தனிமையில் தன் பெயரை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஏக்கத்தில் ஒரு பறவைக்கு அதைக் கற்றுக்கொடுத்த மனிதன், பல ஆண்டுகள் கழித்து உயிருள்ள, பேசத் தெரிந்த ஒரு மனிதன் வந்து சேர்ந்ததும் என்ன செய்கிறான்? அன்று வெள்ளிக்கிழமை என்பதால் உன் பெயர் வெள்ளிக்கிழமை என்கிறான். அடுத்து ‘எஜமான்’ என்று சொல்லப் பழக்குகிறான். அதுதான் என் பெயர் என்றும் தெரிவிக்கிறான். ஆமாம், இல்லை என்ற சொற்கள்கூட அதற்குப் பிறகுதான். வந்தவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும் என்ற நினைப்பு நாவலின் கடைசிப் பக்கம் வரை குரூசோவுக்கு எழவில்லை. பிறகு அந்த இளைஞனின் தந்தையே தீவுக்கு வந்து சேர்கிறார். மகன் தந்தையைக் கட்டியணைத்து அழுகிறான், சிரிக்கிறான், ஆடுகிறான். அவர் தம் மகனை என்ன சொல்லி அழைத்தார் என்பது அங்கேயும் இல்லை.

இவை மூலத்தில் உள்ளவை; இவற்றுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ‘வெள்ளி’ என்று நீங்கள் சுருக்கியதால் வந்த ஒரு விளைவை மட்டும் சொல்லிவைக்கிறேன். தமிழில் வெள்ளி என்றால் விடிவெள்ளி, வெள்ளிக் கொலுசு. பிள்ளைகள் அது செல்லப் பெயர் என்றே நினைத்திருந்தார்கள். நாட்காட்டியில் கிழித்த ஒரு தாளை எடுத்து ஒரு மனிதன்மீது ஒட்டியதைப் போன்ற செயல் அது என்பதை நான் சொல்லித்தான் விளக்க வேண்டியிருந்தது.

இனி உங்கள் பொறுப்பில் நடந்தவற்றுக்கு வருகிறேன்.

மூல நாவலில் குரூசோ முதலில் தானே அடிமையாகிறான். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு, மொராக்கோவின் சாலே துறைமுகத்தில் இரண்டு ஆண்டுகள் அடிமையாக இருந்து, ஜூரி என்ற சிறுவனோடு படகில் தப்புகிறான். அந்தச் சிறுவன் அவனோடு பசி கிடந்தவன். கரையில் தண்ணீர் தேட நான் போகிறேன், காட்டு மனிதர் வந்தால் என்னைத் தின்னட்டும், நீங்கள் தப்பிவிடுங்கள் என்றவன். ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் அவர்களைக் காப்பாற்றுகிறது. அதன் தலைவர் குரூசோவின் படகுக்கு 80 வெள்ளி நாணயம் விலை பேசுகிறார், சிறுவனுக்கு 60. தனக்கு விடுதலை தேடித்தந்தவனின் விடுதலையை விற்க மனம் வரவில்லை என்று குரூசோ ஒரு வரி சொல்கிறான். கிறிஸ்தவனாக மாறினால் பத்து ஆண்டில் விடுவிப்பேன் என்று கப்பல் தலைவர் வாக்களித்ததும் விற்றுவிடுகிறான். பிரேசிலில் தோட்டம் போட்ட பிறகு ஜூரியை விற்றது தவறு என்று அவன் வருந்துகிற இடமும் உண்டு. என்ன வருத்தம் தெரியுமா? தோட்டத்தில் வேலைக்கு ஆள் போதவில்லை.

உங்கள் நூலில் ஜூரியே இல்லை. குரூசோ தனியாகத் தப்புகிறான், தனியாகக் கப்பலேறுகிறான், தனியாகப் பிரேசில் போய்ச் சேர்கிறான்.

அங்கே அவன் புகையிலையும் கரும்பும் பயிரிட்டு வளர்கிறான். நான்கு ஆண்டு கழித்து, பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலர் தங்கள் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரைக்குப் போய் ரகசியமாக ஆப்பிரிக்கர்களை வாங்கிவரக் கப்பல் ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். அதை நடத்திச் செல்ல குரூசோ ஒப்புக்கொள்கிறான். கைக்காசு போடாமலேயே, கொண்டுவரும் அடிமைகளில் சமபங்கு தருவதாகப் பேச்சு. 1659 செப்டம்பர் 1 அன்று அந்தக் கப்பல் புறப்படுகிறது. மணிமாலை, கண்ணாடித் துண்டு, சிப்பி, முகம் பார்க்கும் கண்ணாடி, கத்தி, கத்தரிக்கோல், கோடரி ஆகியவை அதன் சரக்கு. 30ஆம் தேதி அவன் தீவில் ஒதுங்குகிறான். அதாவது, உலகப் புகழ்பெற்ற அந்தக் கப்பல் சேதம் மனிதர்களை வாங்கப் போன வழியில் நேர்ந்தது. உங்கள் 14ஆம் பக்கத்தில் இது ‘வியாபார நிமித்தமாகக் கடற்பயணம் மேற்கொண்டான்’ என்று ஒரே வரியில் முடிகிறது. உங்கள் 22ஆம் பக்கத்தில் அவன் கோடரியால் மரத்தை வெட்டிச் செதுக்கிப் பலகை ஆக்கும் படம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த படம். உடைந்த கப்பலிலிருந்து அவன் எடுத்து வந்த கோடரிகள் பண்டமாற்றுக்காக ஏற்றப்பட்டவை என்று டீஃபோ போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அந்த மனிதன் தன் உழைப்பால் தனியாக ஓர் உலகத்தைக் கட்டினான் என்று 300 ஆண்டுகளாகப் புகழ்கிறோம். கையிலிருந்த கருவி எங்கிருந்து வந்தது என்பதை மூல நூல் மறைக்கவில்லை. நீங்கள் மறைத்துவிட்டீர்கள்.

அடிமை வணிகம் பிள்ளைகளின் மனத்தைப் பாதிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அது பாதிக்கும் என்றால், தரையில் மண்டியிட்டவனின் தலைமீது வெள்ளைக்காரன் கால் வைத்திருக்கும் காட்சியை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? விட்டுவைத்ததோடு நில்லாமல் அட்டைப்படமாகவும் போட்டிருக்கிறீர்கள். மூலத்தில் அந்தக் காட்சி எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து திரும்பப் பாருங்கள். துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்பியவன் பத்தடிக்கு ஒருமுறை மண்டியிட்டு, நடுங்கிக்கொண்டு, அருகே வந்து, தரையை முத்தமிட்டு, தலையைத் தரையில் வைத்து, குரூசோவின் பாதத்தை எடுத்துத் தன் தலைமீது வைக்கிறான். அவர்களுக்குள் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. என்றென்றும் உனக்கு அடிமையாக இருப்பேன் என்ற சத்தியத்தின் அடையாளமாக அது தோன்றியது என்று எழுதுகிறவன் குரூசோ. அது அவனுடைய ஊகம். கொல்லாதே என்று மண்டியிட்டவன் கெஞ்சியிருக்கலாம்; உயிர் காத்ததற்கு நன்றி சொல்லியிருக்கலாம்; அவன் ஊரில் அந்தச் செய்கைக்கு வேறொரு பொருள் இருந்திருக்கலாம். துப்பாக்கி வைத்திருந்தவன் சொன்ன பொருள்தான் நிலைத்தது. உங்கள் சுருக்கத்தில் என்ன இருக்கிறது? “‘இனி என்றென்றும் நான் உங்கள் அடிமை!’ என்றான் வெள்ளி.” மேற்கோள் குறியோடு, வியப்புக்குறியோடு அச்சிட்டிருக்கிறீர்கள். எஜமானின் ஊகத்தை எடுத்து, ஒரு சொல்கூட அறியாத ஒருவனின் வாயில் வாக்குமூலமாக வைத்துவிட்டீர்கள். டீஃபோவே செய்யத் துணியாத வேலை அது.

ஜூரி விற்கப்பட்டதை அறிந்த பிள்ளை இந்தக் காட்சிக்கு வரும்போது கொஞ்சம் கூசும். இவன் ஏற்கெனவே ஒருவனை விற்றவனாயிற்றே என்று நினைக்கும். கப்பல் எதற்காகப் புறப்பட்டது என்று தெரிந்த பிள்ளை, வாங்கப் போனவனுக்கு வாங்காமலே ஒருவன் கிடைத்துவிட்டான் என்று கண்டுகொள்ளும். அந்த முன்கதை இரண்டையும் எடுத்துவிட்டுக் காலை மட்டும் தலைமீது விட்டால், காப்பாற்றியவனுக்கு அடிமையாவதுதான் முறை என்பதைத் தவிர வேறு எதை ஒரு பத்து வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்ள முடியும்?

நீங்கள் நீக்கியவற்றில் மேலும் இரண்டு இடங்கள் உண்டு. அவற்றை ‘மத விவாதம்’, ‘கதையோட்டத்துக்குத் தடை’ என்று நீக்கியிருப்பீர்கள் என நினைக்கிறேன். சுருக்குகிறவர்கள் வழக்கமாகக் கை வைக்கும் இடங்கள்தாம். ஒன்று, தீவுக்கு வந்து மனிதரைத் தின்றுபோகும் மக்கள் கரையில் விட்டுச்சென்ற எலும்புகளைக் கண்ட குரூசோ அந்த மக்களைக் கூட்டமாகக் கொல்லத் திட்டம் போட்டுவிட்டுப் பிறகு தயங்கும் பகுதி. அவர்கள் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. இவர்களைத் தண்டிக்க எனக்கு என்ன அதிகாரம். இப்படிக் கொன்றால், அமெரிக்காவில் இலட்சக்கணக்கான மக்களை அழித்த ஸ்பானியரின் செயலையும் சரி என்று ஆக்கிவிடுவேனே என்று அவன் தனக்குள் வழக்காடுகிறான். இன்னொன்று, வெள்ளிக்கிழமைக்குக் குரூசோ கடவுளையும் சாத்தானையும் பற்றிப் போதிக்கும் பகுதி. உங்கள் கடவுள் அவ்வளவு வலியவர் என்றால் ஏன் சாத்தானைக் கொன்றுபோடவில்லை என்று மாணவன் கேட்கிறான். குரூசோ காதில் விழாதவன் போல இருந்துவிட்டு, என்ன கேட்டாய் என்கிறான். மாணவன் விடவில்லை, அதையே மறுபடி கேட்கிறான். கடைசியில் தொலைவில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி அவனை அனுப்பிவைக்க வேண்டியதாகிறது. வகுப்பில் பதில் தெரியாத கேள்வி வந்தால் சாக்பீஸ் எடுத்துவரப் பிள்ளையை அனுப்பும் வித்தை எனக்கும் தெரியும் என்பதால் அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். நாவல் முழுவதிலும் அந்த இளைஞன் தன் எஜமானை வாயடைக்கச் செய்யும் ஒரே இடம் அது. குரூசோ தன்னைத் தானே ஐயுறும் இடத்தையும், மற்றவன் அறிவால் வெல்லும் இடத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேலியும் துப்பாக்கியும் பாதமும்தான். உங்கள் 80 பக்கச் சுருக்கம் 1719இல் வந்த மூலத்தைவிடக் குடியேற்றத் திமிர் கூடிய நூலாகிவிட்டது.

படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கதை நடக்கும் தீவு தென் அமெரிக்காவில் ஓரினோகோ ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு எதிரே இருக்கிறது. எட்டத் தெரியும் நிலம் டிரினிடாட். வெள்ளிக்கிழமை கரீபியப் பழங்குடியைச் சேர்ந்தவன். நீண்ட, சுருளாத கருங்கூந்தலும் பழுப்பு நிறமும் உடையவன் என்று நாவல் வர்ணிக்கிறது. அந்த வர்ணனையும் யோக்கியமானதில்லை. ஆப்பிரிக்கரைப் போல மூக்கு தட்டையாக இல்லை என்பதை ஓர் அழகாகச் சொல்கிறது. ஆனால் உங்கள் ஓவியர் தலைமுடியைச் சுருளாக்கி, உதட்டைத் தடிப்பாக்கி, முழுக் கறுப்பு மையால் உடம்பை நிரப்பி, கொண்டையில் ஒரு எலும்பையும் செருகியிருக்கிறார். எந்த நாட்டு மக்களும் அப்படி இல்லை. பழைய ஆங்கிலக் கேலிச்சித்திரங்களில் மட்டுமே இருக்கும் ஆள் அவன்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு உங்கள் நூலிலிருந்து ஒரு சிறு நாடகம் போட்டார்கள். நூலகப் படியை எடுத்துக் கொடுத்தவள் நான். குரூசோவாக நடிக்கச் சிவந்த நிறப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளியாக நடித்தவன் என் சனிக்கிழமைக் கூட்டத்துப் பையன். வகுப்பிலேயே கறுத்தவன் அவன்தான். அது போதாதென்று முகத்தில் கரியும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தார்கள். தலைமீது கால் வைக்கும் காட்சியில் கூட்டம் கைதட்டியது. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசல் பக்கம் நடந்து போய்விட்டார். மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் கோபப்படவில்லை. “எஜமான்னா என்னான்னு பேரன் கேட்டான். ஆண்டைன்னு சொன்னேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சிறுமியாக இருந்தவர் அவர். இந்தக் காவிரிப் படுகையில் அந்த ஒரு சொல்லுக்கு உரை தேவையில்லை. அடுத்த சில வாரங்களுக்கு அந்தப் பையனை மற்றவர்கள் ‘வெள்ளி’ என்று கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் அவன் நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அந்தப் படியை எடுத்துக் கொடுத்த என் பங்கை நான் மறுக்கவில்லை.

அக்காலத்து நூலை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். அக்காலத்து அளவுகோலாலேயே அளப்போம். லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியத் துறவி கரீபிய மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றி எழுதிய நூல் அச்சானது 1552இல். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர், மனிதரை விற்பது பாவம் என்று எழுதிக் கையெழுத்திட்டது 1688இல். குரூசோ கதைப்படி இங்கிலாந்து திரும்பியதற்கு அடுத்த ஆண்டு. டீஃபோவே 1702இல் ஒரு கவிதையில், அற்ப மணிமாலைகளைக் கொடுத்து மனித ஆன்மாக்களை வாங்குகிறவர்களைச் சாடியிருக்கிறார். அதே கை 1711இல் ஆப்பிரிக்க வணிகத்தை ஆதரித்துக் கட்டுரையும் எழுதியது. சரியா தவறா என்ற கேள்வி அன்றும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் நடந்த பிழை என்று பிள்ளைகளிடம் நாம் சொன்னால் அது பொய்.

‘நரமாமிசம் தின்னும் கரீபியர்’ என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் மனிதரைத் தின்பவருக்கு வழங்கும் சொல்லே, கொலம்பஸ் கரீப் மக்களின் பெயரைக் கேட்டு எழுதிவைத்ததிலிருந்து பிறந்தது. 1503இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா, நரமாமிசம் தின்பவர்களைப் பிடித்து அடிமையாக்கலாம் என்று ஆணையிட்டார். அதன்பின் பிடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் நரமாமிசம் தின்பவர்கள் ஆனார்கள். அந்த மக்கள் அழிந்துபோகவும் இல்லை. டொமினிகா தீவில் அவர்களுக்கென்று தனி நிலப்பகுதி இருக்கிறது. வெளியார் வைத்த ‘கரீப்’ என்ற பெயரை நீக்கித் தங்களைத் தாங்கள் சொல்லிக்கொள்ளும் ‘கலினாகோ’ என்ற பெயரையே 2015இல் சட்டப்படி ஆக்கிக்கொண்டார்கள். வெள்ளியின் உண்மையான பெயர் என்ன என்று அடுத்துக் கேட்ட அந்தச் சிறுமிக்கு நான் கொடுக்க முடிந்த பதில்களில் இதுதான் ஓரளவாவது நிறைவாக இருந்தது.

குரூசோ பயிரிட்ட கரும்புக்கு நம்மோடும் தொடர்பு உண்டு. பிரிட்டனின் குடியேற்றங்களில் 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் கரீபியத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. டிரினிடாடுக்கு 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றார்கள். மதராஸிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் கரைகளிலிருந்து கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல்கள் 1850களில் போகத் தொடங்கின. காரைக்கால் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தூரம். இந்தக் கதையை நம் பிள்ளைகள் படகில் குரூசோவின் பக்கத்தில் உட்கார்ந்தே படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இனி என் கோரிக்கைகள். மறுபதிப்பின் பைண்டிங் முடியவில்லை என்றால் நிறுத்திவையுங்கள். முடிந்துவிட்டது என்றால் ஒரு திருத்தச் சீட்டாவது அச்சிட்டு ஒவ்வொரு படியிலும் வைத்து, ஏற்கெனவே நூலகங்களுக்குப் போன படிகளுக்கும் அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் ஜூரியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். படகு 80, பையன் 60 என்ற கணக்கைப் பத்து வயதுப் பிள்ளை தாங்கும், நான் போட்டுக் காட்டியிருக்கிறேன். கப்பல் எதற்காகக் கினிக்குப் புறப்பட்டது என்பதை 14ஆம் பக்கத்தில் இரண்டு எளிய வாக்கியங்களில் எழுதுங்கள். ‘நான் உங்கள் அடிமை’ என்ற மேற்கோளை நீக்கி, குரூசோ அப்படி எடுத்துக்கொண்டான் என்று மாற்றுங்கள். சாத்தானைப் பற்றிய கேள்வியும் குரூசோவின் தயக்கமும் ஆளுக்கு ஒரு பக்கமாவது பெறட்டும். இடம் போதாவிட்டால் கடைசியில் வரும் ஓநாய்களோடு சண்டையை எடுத்துவிடுங்கள், யாரும் தேட மாட்டார்கள். அட்டைப்படத்தையும் உள்ளே வெள்ளிக்கிழமை வரும் எல்லாப் படங்களையும், கலினாகோ மக்களின் புகைப்படங்களைப் பார்த்துப் புதிதாக வரையச் சொல்லுங்கள். இது சுருக்கம் என்பதும், எவை விடப்பட்டுள்ளன என்பதும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். சுருக்கியவரின் பெயரும் வேண்டும். உங்கள் நூலில் டீஃபோவின் பெயர் மட்டுமே இருக்கிறது. அவர் எழுதாத வரிகளுக்கும் அவரே பொறுப்பேற்க நேர்ந்திருக்கிறது. அடிமை வணிகத்தையும் கலினாகோ மக்களையும் பற்றி இரண்டு பக்கப் பின்னுரை ஒன்றைச் சேருங்கள். எழுத ஆள் வேண்டும் என்றால் ஊதியமின்றி எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

உங்கள் அலுவலக முகவரிக்கு இம்மடலின் படியை அனுப்பும்போது ஓர் அஞ்சலட்டையையும் இணைத்திருக்கிறேன். அதில் அந்தச் சிறுமி தன் கையெழுத்தில் தன் கேள்வியை எழுதியிருக்கிறாள். அதற்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். நூலக முகவரிக்கு, அவள் பெயருக்கே எழுதுங்கள். பெயரை அட்டையின் அடியில் தெளிவாக எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலக வாசகர் வட்டத்தில் கதை வாசிப்பவள்,
திருவாரூர் மாவட்டம்.